தன் சாவுச் செய்தியைப் படித்த ஜெனரல்

ஆனேக்கல்
8 ஜூன் 2024

ஹர்ஷா அப்பாவுக்கு,

வீணா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். தேட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. காலையில் காபி வராதபோதுதான் வீட்டில் ஒரு ஆள் குறைகிறது என்று உங்களுக்கு உறைத்திருக்கும். என்ன சண்டை என்று என் தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. புருஷன் குடிக்கிறார், அடிக்கிறார் என்றால் சொல்லிவிடலாம். எப்போதோ செத்துப்போன ஒரு ருஷ்யக்காரனால் வீட்டை விட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்கு மனு கொடுக்கப் போன இடத்தில் என்னைக் காலையிலிருந்து நிற்க வைத்து, "ஸாரி மேடம், ஸ்ரீஹர்ஷா என்ற பெயரில் எந்தத் தகவலும் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். வெயிலில் வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே மொழிபெயர்ப்பு மேஜையிலிருந்து உங்கள் குரல்: "கோமு, ஜெனரல் பால்கன் மலையைத் தாண்டிவிட்டார்!" என்ன உற்சாகம்! பெற்ற பிள்ளை எந்த மலையில் கிடக்கிறானோ தெரியவில்லை, இவருக்கு அந்தக் கிழவன் மலை தாண்டிவிட்டான். அப்போதே பெட்டியை எடுத்துவிட்டேன்.

ஹர்ஷா கடைசியாகப் பேசியது பிப்ரவரியில். "அம்மா, கேன்டீன் வேலைன்னு கூட்டிண்டு வந்தா. இங்கே துப்பாக்கியைக் கையில கொடுத்துட்டா" என்றான். அத்தோடு சரி. வேலை போன பையன், முப்பத்தோரு வயசு, யாரோ ஏஜெண்ட் ஆசை காட்டினான், போனான். அவனைத் தடுக்க வேண்டியவர் நீங்கள். "ருஷ்யாவா! பேஷாகப் போய்விட்டு வா, தங்கமான ஜனங்கள்" என்று சொல்லி இருபது வார்த்தை ருஷ்யனும் சொல்லிக்கொடுத்து அனுப்பினீர்கள்.

அந்த ஏஜெண்டின் கடை இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான். ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஹர்ஷாவின் பாஸ்போர்ட் நகல் உட்பட எல்லாம் அதற்குள். நான் தினமும் போய் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் எவனாவது வந்து திறந்துதானே ஆகவேண்டும்.

போன் செய்யாதீர்கள். மணி அடித்தால் ஹர்ஷா என்று நினைத்து என் உயிர் போய்த் திரும்புகிறது. எடுத்தால் உங்கள் குரல். அந்த ஏமாற்றத்தை என்னால் தாங்க முடியாது. உங்களிடம் செல்போனும் கிடையாது, அதிலும் ஒரு கர்வம். வீட்டு போன் காலியாகவே இருக்கட்டும். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள்.

கோமளம்


மல்லேஸ்வரம்
12 ஜூன் 2024

கோமுவுக்கு,

கடிதம் கிடைத்தது. காபி நானே போட்டுக்கொள்கிறேன். குடிக்கிற மாதிரி இல்லை.

நான் கல் இல்லை. நானும் மாஸ்கோவிலிருக்கும் நம் தூதரகத்துக்கு எழுதினேன். ருஷ்ய அலுவலகங்களுக்கு ருஷ்யனிலேயே எழுதினேன். "ஸ்ரீஹர்ஷா என்ற இந்தியர் எங்களிடம் இல்லை" என்று இரண்டு பேர் பதில் போட்டார்கள். எழுதாத நேரத்தில் நான் என்ன செய்யட்டும்? சும்மா உட்கார்ந்தால் அவன் குரல் கேட்கிறது. விமானத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ருஷ்ய மொழிபெயர்ப்பாளன் நான். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, ஒரு பக்கத்தை எடுத்து அதை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவது. முன்னால் என்ன வருகிறது என்று பார்க்க மாட்டேன். தொழிற்சாலையில் அப்படித்தான் பழகினோம்.

நீ திட்டுகிற கிழவனைப் பற்றி ஒரு பத்தி மட்டும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஆர்செனி பாவ்லவிச் க்ருதோவ். பாவ்லவிச் என்றால் பாவெலின் மகன். அங்கே அப்பா பெயர் இல்லாமல் ஒரு மனிதனை மரியாதையாகக் கூப்பிட முடியாது, நாம் இனிஷியல் வைத்துக்கொள்வதைப் போல. ஓட்டாண்டியான ஒரு கேப்டனுக்குப் பிறந்து, பத்து வயதில் ராணுவப் பள்ளியில் விடப்பட்டவர். காக்கசஸில் கால் விரல்கள் இரண்டைப் பனிக்குப் பறிகொடுத்தார். துருக்கியோடு நடந்த போரில் பீரங்கிகளைத் தனித்தனியாகக் கழற்றி, சிப்பாய்களோடு தானும் கயிறு பிடித்து, பால்கன் மலைக்கு மேல் ஏற்றினார். ஜார் கையால் வாள் வாங்கியவர். நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அவருடைய சுயசரிதையின் முதல் பக்கமே வேடிக்கையானது. மஞ்சூரியாவில் ஜப்பானியரோடு போர் நடக்கும்போது, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வாரங்கள் கழித்து வந்த பத்திரிகையில் "க்ருதோவ் போரில் வீழ்ந்தார்" என்று ஒரு வரி. வயதானவர், தன் சாவுச் செய்தியைத் தானே படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். சாப்பாடு கொண்டுவந்த வேலையாளிடம், "எடுத்துப் போ, செத்தவனுக்கு எதற்கடா சூப்?" என்றாராம். ஹர்ஷாவை விமான நிலையத்தில் விடப் போன டாக்ஸியில் இதைச் சொன்னேன். எப்படிச் சிரித்தான் தெரியுமா? நீ முன் ஸீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஜெனரலின் படம் ஒன்று கேட்டு அங்கே ஒரு அருங்காட்சியகத்துக்கு எழுதி, நம் வீட்டு நம்பரையும் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

போன் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறேன்.

சுந்தரேசன்


ஆனேக்கல்
17 ஜூன் 2024

ஹர்ஷா அப்பாவுக்கு,

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கடிதத்தில் அந்தக் கிழவன் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன். இனியும் அப்படித்தான். உங்கள் தாளும் மையும் வீண்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறீர்கள் என்று படித்தபோது மட்டும் கொஞ்சம் அழுதேன். பாத்ரூம் தரை வழுக்கும், பார்த்து நடங்கள்.

ஷட்டர் வாசலில் எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறாள். பெயர் சரசு. ஒக்கலிபுரம். சிட்டி ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பாரம் கூட்டுகிறாள். இவள் பிள்ளை விக்கியையும் அதே ஏஜெண்ட்தான் அனுப்பினான். லீவு கிடைக்கும்போதெல்லாம் இங்கே பஸ் பிடித்து வந்து ஷட்டரைக் காலால் உதைப்பாள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாமா நீ, கோயில்ல உக்காந்த மாதிரி உக்காந்துகினு இருக்கே? ரெண்டு உதை விடு, மனசு ஆறும்" என்றாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நானும் ஒரு உதை விட்டேன். நிஜமாகவே ஆறியது.

பேச்சுவாக்கில் "உன் வீட்டுக்காரர் பேரு இன்னா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில்லையே. நம்பிக்கையோ பயமோ ஒன்றுமில்லை, என் அம்மா சொல்ல மாட்டாள், எனக்கும் நாக்கு வராது. "மதுரையில் மீனாட்சிக்கு யாரு?" என்று கேட்டேன். "அழகரா?" என்றாள். அவர் அண்ணன் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்ததில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எத்தனை நாள் கழித்துச் சிரித்தேன் தெரியுமா? சிரித்து முடித்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

தினம் ஒரு அர்ச்சனை செய்கிறேன். பெயர் கேட்கிறார்கள், நட்சத்திரம் கேட்கிறார்கள். ஸ்ரீஹர்ஷா, ரோகிணி. கேட்கிற கடவுளுக்காவது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்திருக்கும் இல்லையா?

கோமளம்


மல்லேஸ்வரம்
24 ஜூன் 2024

கோமுவுக்கு,

நீ பதறாமல் படிக்க வேண்டும். ஹர்ஷாவைப் பற்றிய செய்தி இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு போன் அடித்தது. எடுத்தால் ருஷ்யக் குரல். "சுந்தரேசன்?" என்றான். ஆமாம், சுந்தரேசன்தான் பேசுகிறேன் என்றேன், நல்ல ருஷ்யனில். எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். வீட்டில், பெங்களூரில் என்றேன். உடம்பு நன்றாக இருக்கிறதா என்றான். கடவுள் புண்ணியத்தில் இருக்கிறேன் என்றேன். அவன் பக்கத்திலிருந்த யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு, "எங்கள் பாஷையை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாயே" என்றான். முதலிலிருந்து கடைசி வரை நீ, உன், வா, போதான். எழுபது வயதுக்காரனை இப்படியா ஒருமையில் பேசுவது? ஆனாலும் விடவில்லை. ஸ்ரீஹர்ஷா, ஸ்ரீஹர்ஷாவைத் தெரியுமா, என் மகன் என்று கத்தினேன். அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

அருங்காட்சியகத்து ஆளாக இருக்கும். படத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை, அவனும் சொல்லவில்லை. மூன்று நாளாக அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. படம் அனுப்புகிறவன் எதற்கு என் உடம்பைக் கேட்க வேண்டும் என்று யோசிக்கிறேன். அவர்கள் விசாரிப்பே அப்படித்தானோ என்னவோ.

இந்தப் பத்தியை நீ படிக்க மாட்டாய், தெரியும். ஜெனரல் மஞ்சூரியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. குண்டு தீர்ந்துவிட்டது, பின்வாங்குகிறேன் என்று தந்தி கொடுக்கிறார். கூடாது என்று பதில். ஆட்களைச் சாகக் கொடுக்க மனம் வராமல், பதவி போனாலும் போகட்டும் என்று அவர்களை இறக்கிக்கொண்டு வருகிறார். இந்த ஒன்றுக்காகத்தான் கோமு, நான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். இப்படி ஒருத்தன் கையில் ஹர்ஷா இருக்க மாட்டானா என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன். உனக்கு இதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்துவிடேன். சண்டையை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

சுந்தரேசன்


ஒக்கலிபுரம்
3 ஜூலை 2024

ஹர்ஷா அப்பாவுக்கு,

விக்கி வந்துவிட்டான்! சரசுவின் பிள்ளை. உயிரோடு வந்துவிட்டான். செய்தி தெரிந்ததும் ஆனேக்கல்லிலிருந்து அப்படியே கிளம்பி வந்தேன். இப்போது சரசு வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரே அறை. "எங்க வீட்ல தண்ணி குடிப்பியாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சாப்பாடே போடு என்றேன்.

பையனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. குண்டு வெடித்துப் போயிருக்கிறது. ஒன்றாவது தேறுமா என்று இன்னும் தெரியவில்லை. கையில் ஹர்ஷாவின் போட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினேன். யாரிடம் காட்டுவது? பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"ஹர்ஷாவா? இல்ல ஆன்ட்டி, அந்தப் பேர்ல யாரும் இல்ல. நம்ம ஊர்க்காரர்னா சுந்தர் அண்ணாதான் இருந்தாரு."

யார் அந்த சுந்தர் என்றேன்.

"மொகம் பாத்ததில்ல ஆன்ட்டி. கண்ணு போனப்புறம்தான் என்னை அந்த நிலவறையில கொண்டாந்து போட்டாங்க. அவருக்கு முட்டிக்குக் கீழ அடி, நடக்க முடியாது. சோல்ஜருங்க எல்லாம் சுந்தர், சுந்தர்னுதான் கூப்பிடுவாங்க, நானும் அதையே புடிச்சிக்கினேன். தமிழ், கன்னடா கலந்து பேசுவாரு. காலையில 'ஏனு குரு, இன்னும் உசிரோட இருக்கியா?'ன்னு எழுப்புவாரு. நான் அழுதா கதை சொல்லுவாரு. யாரோ பெரிய மிலிட்டரி ஆபீசராம், அவரு செத்துட்டாருன்னு பேப்பர்ல போட்டுட்டாங்களாம். அவரே படிச்சிட்டு, செத்தவனுக்கு எதுக்குடா சூப்புன்னாராம். எங்களுக்கு அங்க சூப்பே கெடையாது ஆன்ட்டி, அதுக்கே சிரிச்சோம்."

சொல்லும்போது அந்தக் கட்டுக்குக் கீழே அவன் வாய் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் சொன்னதுதான் தாங்கவில்லை. ஏப்ரலில் காயம்பட்டவர்களை ஏற்ற ஒரு வண்டி வந்ததாம். ஒரு ஆளுக்குத்தான் இடம். சுந்தரைத் தூக்க வந்திருக்கிறார்கள். அந்தப் பையனுக்குக் கொஞ்சம் ருஷ்யன் வருமாம். இவனுக்குக் கண் தெரியவில்லை, இவனை ஏற்றுங்கள், நான் அடுத்த வண்டியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அடுத்த வண்டி வந்ததா என்று விக்கிக்குத் தெரியாது. "அவரு இடத்துல நான் வந்துட்டேன் ஆன்ட்டி" என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். சரசு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

யார் பெற்ற பிள்ளையோ! அவனுக்கும் இந்த ஊரில் ஒரு அம்மா இருப்பாள், எந்தத் தெருவில் என்று தெரியவில்லை. அவளைப் பார்த்தால் நானும் சரசுவும் காலில் விழுவோம். ஆனால் என்ன முகத்தோடு பார்ப்பது? உன் பிள்ளை இவளுக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது?

என் ஹர்ஷாவைப் பார்த்தவர்கள் ஒருவர்கூட இல்லை. அவன் அங்கே போனானா என்றே சந்தேகமாக இருக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

கோமளம்


மல்லேஸ்வரம்
5 ஜூலை 2024

கோமு,

இதைக் கொண்டுவருகிறவர் நம் கீழ் வீட்டு ஜெயராஜ். ஆட்டோவை உன் வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பார். நானே வந்திருக்க வேண்டும். ஆனால் போன் அடித்தால் ருஷ்யன் தெரிந்தவன் எடுக்க வேண்டும், நான் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. உன் செல்லுக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. முதலில் உட்கார். சரசுவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

விக்கி சொன்ன சூப்புக் கதை என் கதை. என் ஜெனரலின் கதை. ஜூன் பன்னிரண்டாம் தேதி எழுதிய கடிதத்தில் அதே சூப்பு இருக்கிறது, நீ விட்டுவிட்டுப் போன பத்தியில். இந்தப் புத்தகத்துக்குத் தமிழ் கிடையாது, ஆங்கிலமும் கிடையாது. பெங்களூரில் இந்தக் கதை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவனுக்கு டாக்ஸியில் நான் சொன்னேன்.

சுந்தர் நம் ஹர்ஷா, கோமு.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள் என்று, நமக்கேது குடும்பப் பெயர், என் பெயரைப் போட்டான். ருஷ்ய ராணுவத்தில் குடும்பப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு அவன் சுந்தரேசன். சிப்பாய்களுக்கு வாயில் நுழைந்தது சுந்தர். நீயும் நானும் இத்தனை மாதமும் ஸ்ரீஹர்ஷா, எஸ். ஸ்ரீஹர்ஷா என்று எல்லா வாசலிலும் கேட்டுக்கொண்டிருந்தோம். முப்பது வருஷம் அவர்கள் பெயர்களைத் தமிழாக்கியவன் நான், எனக்கு இது தோன்றவில்லை.

இது மட்டுமில்லை. அந்த போன் அருங்காட்சியகத்திலிருந்து வரவில்லை. சிப்பாய் சுந்தரேசனைக் காணவில்லை, ஓடிப்போய் வீடு சேர்ந்துவிட்டானா என்று பார்க்க, ஹர்ஷா எழுதிக்கொடுத்த வீட்டு நம்பருக்கு ராணுவத்து ஆள் எவனோ பேசியிருக்கிறான். அதனால்தான் நீ, வா, போ. அதனால்தான் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சுந்தரேசன்தான் பேசுகிறேன், வீட்டில் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்றேன். சுத்தமான ருஷ்யனில் சொன்னேன். என் உச்சரிப்பை அவன் மெச்சியபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்த நேரத்திலிருந்து அங்கே யாரும் அவனைத் தேடவில்லை. வீட்டில் இருக்கிறவனை எதற்குத் தேடுவார்கள்?

உன் கடிதத்தைப் படித்தபிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, முறையை விட்டுப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். முதல் பக்கத்துச் சாவுச் செய்தி, மஞ்சூரியப் போர் நடக்கும் இடத்தில் மறுபடி வருகிறது. இந்தப் பத்தியை நீ கட்டாயம் படிக்க வேண்டும். ஜெனரல் அன்று முழுவதும் பத்திரிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டிச் சிரித்தார். மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது உறைத்தது. அந்தப் படையில் க்ருதோவ் இரண்டு பேர். பத்திரிகை பொய் சொல்லவில்லை. வீழ்ந்தது லெப்டினன்ட் க்ருதோவ், அவர் மகன். பீட்டர்ஸ்பர்க்கில் அவர் மனைவி, புருஷன் ஆன்மா சாந்தியடைய ஒரு மெழுகுவத்தியும் மகன் நலத்துக்கு ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் புத்தகத்தில் நூறு பக்கம் இருக்கிறது. பதக்கம் வருகிறது, கவர்னர் பதவி வருகிறது, ஓய்வு வருகிறது. மகன் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ஆட்களைக் காப்பாற்றக் குன்றை விட்டுக்கொடுத்த மனிதர், மகனைத் தேடி ஒரு அடி எடுத்து வைத்தாரா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

அந்தப் புத்தகத்தைப் பரண் மேல் போட்டுவிட்டேன். இனி அவரை எனக்குத் தெரியாது.

நம் பிள்ளை ஏப்ரலில் உயிரோடு இருந்தான். நினைவோடு இருந்தான். ஒரு பையனைச் சிரிக்க வைத்தான், அவனை வண்டியில் ஏற்றிவிட்டான். நீ பெற்ற பிள்ளை, கோமு. யார் காலிலும் நீ விழ வேண்டாம்.

தில்லிக்குப் போ. சரசுவையும் அழைத்துக்கொண்டு போ, விக்கி சொன்னதை அவள் சாட்சி சொல்லட்டும். அங்கே என் பெயரைச் சொல். எப்படியாவது சொல்லிவிடு. அதைச் சொல்லாமல் அவன் கிடைக்க மாட்டான்.

என்னை மன்னிக்கச் சொல்லி இப்போது கேட்கவில்லை. அதற்கு நேரமில்லை.

சுந்தரேசன்


தில்லி
13 ஜூலை 2024

ஹர்ஷா அப்பாவுக்கு,

போன் செய்து சொல்லியிருக்கலாம். அந்த லைனில் ஒரு நிமிஷம்கூட நான் உட்காரக் கூடாது என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஒக்கலிபுரத்தில் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. உங்களைக் கண்டபடி திட்டினேன் என்று சரசு சொல்கிறாள். அப்புறம் விக்கி பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஹர்ஷா உன்னைக் காலையில் எப்படி எழுப்புவான், இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டேனாம். "ஏனு குரு" என்று அந்தப் பையன் சொன்னதும் எனக்கு ஹர்ஷா குரலே கேட்டுவிட்டது. அன்று முழுக்க அவனை அதையே சொல்ல வைத்தேன். அலுத்துக்கொள்ளாமல் சொன்னான். சரசு என் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

உங்களைத் திட்டி முடித்ததும் யோசித்தேன். நான் மட்டும் என்ன செய்தேன்? சுந்தர் என்று அந்தப் பையன் என் காதில் சொல்லியும் எனக்குப் பொறி தட்டவில்லை. உலகத்தில் எத்தனையோ சுந்தர். என் வீட்டிலும் ஒன்று உண்டு என்று தோன்றவே இல்லை. சொல்லாத பெயர் காதிலும் விழாது போலிருக்கிறது.

இங்கே கவுண்டரில் ஒரு சின்னப் பெண், அதிகாரி. பொறுமையாகத்தான் கேட்டாள். ஸ்ரீஹர்ஷா என்று தட்டினாள், இல்லை. எஸ் என்றால் என்ன மேடம் என்றாள். ரயிலில் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டுதான் வந்தேன். அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதிக் காட்டலாம் என்று பேனாவைத் தேடினேன். பின்னாலிருந்து சரசு, "வாயத் தொறந்து சொல்லும்மா! புள்ளைய விட அவரு பேரு பெரிசா?" என்று அதட்டினாள். சுந்தரேசன் என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. சுந்தரேசன், சுந்தரேசன் என்று காய்கறி விற்கிற மாதிரி கத்தினேன். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெயர் இருந்தது. அந்தப் பெண் படித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு, "குட் நியூஸ் மேடம். இவர் போன மாதமே வீட்டுக்கு வந்துவிட்டார். போனில் அவரே உறுதி செய்திருக்கிறார்" என்றாள்.

வீட்டில் இருப்பவர் என் புருஷன், வராதவன் என் பிள்ளை, இரண்டு பேருக்கும் அங்கே ஒரே பெயர் என்றேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத வேண்டாம். விக்கி சொன்னதைச் சரசு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அந்த நிலவறை இருந்த ஊர் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரியாதாம். அடுத்த வண்டி வந்ததா என்றும் தெரியாதாம். ஆனால் ருஷ்ய ராணுவத்துக்கு இன்றே எழுதுகிறோம், மூடிய கேஸைத் திறக்கச் சொல்கிறோம் என்றாள். திறப்பதற்கு முன்னால் அந்த ருஷ்யர்கள் நம் வீட்டுக்கு மறுபடி போன் செய்து சரிபார்ப்பார்களாம். அதில் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

அதனால் இதை நன்றாகப் படியுங்கள். உங்கள் நல்ல ருஷ்யனெல்லாம் வேண்டாம், தடுமாறினாலும் பரவாயில்லை. நீ என்று பேசினால் கோபப்படாதீர்கள். யார் பேசுவது என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். நான் இத்தனை வருஷம் கூப்பிட்டேனே, ஹர்ஷா அப்பா, அதைச் சொல்லுங்கள். சுந்தரேசன் இருக்கிறானா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள். சுந்தரேசன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லுங்கள்.

கோமளம்